தக்காளி ஸ்டாண்டில் கட்டிய நூல்

ஜனவரி 11, ஞாயிறு

சமையலறை மேடையில் கண்ணாடி கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பளபளவென்று. யார் கழுவியது?

நர்ஸம்மா சீருடை தைக்கக் கொடுக்க வந்தபோது, அவர் வீட்டில் காய்த்தது என்று மூன்று தக்காளி தந்துவிட்டுப் போனார். கடைத் தக்காளி மாதிரி இல்லை. மேலெல்லாம் மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றி மட்டும் மஞ்சளாக இருந்தது. வெட்டினால் வாசனை ஹால் வரைக்கும் வந்தது. ஒன்றைத் தின்றோம். இன்னொன்றின் விதையை அவர் சொல்லிக்கொடுத்தபடி சாறோடு கிளாஸில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தேன். அது புளிக்கவேண்டும். நாறும். மேலே வெள்ளையாகப் படலம் கட்டும். அப்புறம் அலசினால் வழவழப்பெல்லாம் போய் நல்ல விதை அடியில் தங்கும். நேற்றுத்தான் படலம் கட்டியிருந்தது, இன்று அலசலாம் என்றிருந்தேன். எனக்கு முன்னாடி யாரோ அலசிவிட்டார்கள், சாக்கடைக்குள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் வந்து படுத்த இவரை உலுக்கிக் கேட்டேன். "என்ன கிளாஸ்?" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கழுவவில்லை. மிச்சம் யார்?

நேற்று முழுக்க, "என்னமோ நாறுதே, எலி கிலி செத்துக் கெடக்குதா பாரு" என்று ஹாலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது யார்?

ஆனால் ஹாலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வார்டனால் எழுந்து நிற்கவே முடியாதே. அங்கேதான் இடிக்கிறது.

ஜனவரி 12

கடைசித் தக்காளியின் விதையைப் புளிக்கப் போட்டாயிற்று. இந்த முறை கிளாஸ் என் துணி பீரோவுக்குள். சாவி என் கழுத்தில்.

ஜனவரி 18, ஞாயிறு

விதை தப்பித்தது. அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்து, பொட்டலம் கட்டிவிட்டேன். பார்த்தால் பொடிப்பொடியாக, மெல்லிய ரோமத்தோடு, செத்த பூச்சி மாதிரி இருக்கிறது. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

வார்டன் என்பது இவருடைய அக்கா. என் நாத்தனார். மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் அண்ணி, இந்த நோட்டுக்குள் வார்டன். டிசம்பரில் தன் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து "கொஞ்ச நாளைக்கு" என்று இங்கே கூட்டி வந்தார் இவர். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று ஹால் ஜன்னலோரம் கட்டில் போட்டார். அங்கே இருந்தது என் தையல் மெஷின். அது இப்போது சாமான் அறையில், ஒரு குழல் விளக்கின் கீழே. கருநீலத் துணியில் கருநீல நூல் ஓட்டும்போது தையல் எங்கே போகிறதென்று எனக்கே தெரிவதில்லை. போன வாரம் ஊசி விரலில் ஏறிவிட்டது.

காற்று வேண்டும் என்று கேட்ட வார்டன் இப்போது சாலைப் புழுதி, இருமல் என்று ஜன்னலை மூடியே வைக்கச் சொல்கிறார். கண்ணாடி வழியாக வெளிச்சம் மட்டும் அவர்மேல் விழுகிறது. மகாராணிக்கு.

கட்டில் போக ஜன்னலில் கால்வாசி இடம் மிச்சம் இருக்கிறது. அந்தக் கால்வாசியாவது என்னுடையதாக இருக்கட்டும். அதற்குத்தான் இந்தத் தக்காளி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 23

காகிதக் கப்புகளில் விதை போட்டேன். நூல் கண்டுகள் அடுக்கி வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டைக் கட்டிலுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே சொருகினேன். வார்டன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். விடுதிப் பெண்கள் இந்தப் பார்வைக்கே பாதி உண்மையைக் கக்கியிருப்பார்கள்.

"கடையில கிடைக்காத பொருளா இது?" என்றார். கிடைக்காது என்றேன்.

ஜனவரி 31

முளைத்துவிட்டது! கொக்கி மாதிரி வளைந்து, தலையில் விதைத் தோலைத் தொப்பி போட்டுக்கொண்டு. அதைத் தட்டிவிடலாமா கூடாதா? தட்டாமல் விட்டேன். தானே விழுந்தது.

பிப்ரவரி 6

நான்கு நாற்று அடியில் சுருங்கிப் படுத்துவிட்டது. தண்டு நூல் மாதிரி ஆகிவிட்டது. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். தண்ணீர் அதிகம் என்கிறார். நான் காலையில் ஒரு தரம்தான் ஊற்றுகிறேன், அதுவும் கரண்டியால் அளந்து. அப்படியானால் மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வார்டன் தலைமாட்டில் மாத்திரைக்கு வைக்கும் செம்பு எப்போது பார்த்தாலும் காலியாக இருக்கிறது. ஒரு மாத்திரைக்கு ஒரு செம்புத் தண்ணீரா?

இவரிடம் சொன்னேன். "எங்கக்கா உன் செடியக் கொல்லத்தான் இடுப்ப ஒடச்சுக்கிட்டு வந்தாங்களா?" என்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 17

மிஞ்சிய ஆறு நாற்றுகளைப் பழைய பெயிண்ட் வாளிகளுக்கு மாற்றினேன். தண்டைப் பாதி வரை மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். புதைந்த இடத்திலும் வேர் விடுமாம். மண் நிறைந்த வாளிகள் ஏறியதும் ஸ்டாண்ட் கல் மாதிரி நிற்கிறது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 25

இடுப்பு வலி தாங்கவில்லை. வார்டனைப் பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போவது என்றால், கைத்தாங்கல் என்று பேரே தவிர, பாதி எடை என் தோளில்தான். வாக்கர் ஒன்று வாங்கினார்கள். ஒரு நாள் அதோடு சறுக்கப் பார்த்தார். இவர் பயந்துபோய் அதை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டார். "அக்கா, நீ ஒண்ணும் நடக்க வேணாம், நாங்க இருக்கோம்" என்றார். நாங்க என்றால் நான்.

பேசாமல் ஊர்ந்து போவது ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஏதாவது கதை சொல்லிக்கொண்டே போவேன். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை பாதிக் கதை, திரும்பி வரும்போது மீதி. இன்று, மாதாமாதம் பேன்ட் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லும் பேங்க்காரர் கதை. தொப்பை போடவில்லையாம், சலவைக்காரர் துணியைச் சுருக்கிவிடுகிறாராம். வார்டன் சிரித்ததில் இருவரும் சேர்ந்து விழப் பார்த்தோம்.

சாயங்காலம் எங்கள் அக்காவுக்குப் போன் பேசினேன். "இவங்க எப்ப கிளம்பி எனக்கு எப்ப வெளிச்சம் வருமோ" என்று சொல்லிவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்ததா?

மார்ச் 7

ஸ்டாண்டுக்கு அடியில் மண் சிந்திக் கிடக்கிறது. ஒரு செடியின் தாங்குகுச்சி சாய்ந்திருக்கிறது. கல் மாதிரி நின்ற ஸ்டாண்ட் சுவரிலிருந்து விலகியிருக்கிறது. நான் நர்ஸம்மாவிடம் சீருடை கொடுக்கப் போயிருந்தேன், இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தையல் சாக்பீஸ் எடுத்து ஸ்டாண்டின் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் கோடு போட்டுவிட்டேன். வார்டன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா பண்ற?"

"அளவெடுக்கிறேன் அண்ணி" என்றேன்.

மார்ச் 9

கால்கள் கோட்டைத் தாண்டி வந்திருக்கின்றன. நான்கும்!

இவரிடம் காட்டினேன். லாரி போகும்போது வீடு அதிர்கிறதாம். இந்தச் சந்துக்குள் எந்த லாரி வருகிறது, ரொட்டி லாரியா?

எதற்கு ஆட்டுகிறார்? எட்டிப் பிடித்துப் படுத்தபடியே உலுக்குகிறாரா? என்மேல் கோபமென்றால் என்னைத் திட்டட்டும். வாயில்லாத செடி என்ன பாவம் செய்தது?

மார்ச் 12

ஸ்டாண்டின் கீழ்க் கம்பியிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு கறுப்பு நூல் கட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். கண்ணுக்குத் தெரியாது. திரும்பி வந்தால் அறுந்து தொங்குகிறது. வார்டன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் வாய் லேசாகத் திறந்திருக்கும். வார்டனின் வாய் இறுக்கி மூடியிருந்தது.

மார்ச் 14

மறுபடி நூல். திரும்பி வந்து பார்த்தால் அறுபடவில்லை. ஆனால் சாக் கோட்டை விட்டுக் கால் நகர்ந்திருக்கிறது. எப்படி? முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். நான் கட்டினது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்குத்தான் புத்தி பேதலிக்கிறதோ?

மார்ச் 15, ஞாயிறு

பேதலிக்கவில்லை. இன்றும் நூல் முழுசு, கோடு கலைந்திருக்கிறது.

மார்ச் 18

முடிவெடுத்துவிட்டேன். ஆறில் கொழுகொழுவென்று இருக்கும் மூன்றைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. பெயிண்ட் ஒட்டிப்போய்த் திறக்காது, ஆனால் வெயில் வரும். பகலில் வெளியே போகும்போது அறையைப் பூட்டிக்கொள்கிறேன். உள்ளே தூங்கும் மனுஷனை வைத்துப் பூட்டுகிறாயே என்று இவர் கத்தினார். மாற்றுச் சாவி தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது என்றேன்.

நோஞ்சான் மூன்றும் ஹாலிலேயே இருக்கட்டும், நூலும் அப்படியே இருக்கட்டும். அவர் பாடு, அவற்றின் பாடு.

ஏப்ரல் 1

படுக்கையறைச் செடிகள் பூத்துவிட்டன! மஞ்சள் பூ, தலை குனிந்து, கொத்துக் கொத்தாக. ஒரு கை படாமல் வளர்த்தால் இப்படித்தான். ஹாலிலும் பூத்திருக்கிறது, கொஞ்சம்தான்.

ஏப்ரல் 4

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

என்னிடம் தைக்கும் பாடகி ஒருவரின் கவுனைக் கொடுக்கப் போனேன், வீடு பூட்டியிருந்தது, உடனே திரும்பினேன். வெளிக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வார்டன் நின்றுகொண்டிருந்தார். நின்று! இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, இடது காலைத் தூக்கி, வலது காலைத் தூக்கி. ஸ்டாண்ட் கிடுகிடுவென்று ஆடுகிறது, இலையெல்லாம் உதறுகிறது. நான் சத்தம் போடாமல் பின்வாங்கிப் படியிறங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் தெருவிலே நின்றுவிட்டு, வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறி வந்தேன். படுத்திருந்தார். "ஏம்மா, பாத்ரூம் போகணும், கொஞ்சம் தூக்கி விடுறியா" என்றார்.

தூக்கினேன். என் இடுப்பு முறிய முறியத் தூக்கினேன். நடிப்பு! இத்தனை நாளும் நடிப்பு! இங்கேயே உக்காந்துக்கலாம்னு திட்டம். கிளாஸைக் கழுவினதும் இவங்கதான், வேற யாரு? நான் இருட்டுல கண்ணு அவிஞ்சு தைக்கணும், இவங்க வெளிச்சத்துல காலை நீட்டிப் படுத்துக்கணும். நல்லா இருக்கு.

இன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். போய் அக்காவிடமே கேட்டார். கொஞ்சம் நின்னு காட்டுக்கா என்றார். வார்டன் கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், கால் வெடவெடவென்று ஆடியது, உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — நான்தான் ஏதோ வயதானவரை அடித்த மாதிரி.

நேற்றுப் பார்த்தது பொய்யா? இன்று பார்த்தது பொய்யா? இரண்டும் உண்மையாக எப்படி இருக்கும்?

ஏப்ரல் 8

பேச்சில்லை. தூக்குகிறேன், விடுகிறேன், தூக்குகிறேன். பாத்ரூம் வரை அவர் ஒரு தரம், "அந்தப் பேங்க்காரர் வந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 13

படுக்கையறைப் பூவெல்லாம் உதிர்கிறது. காம்போடு, மஞ்சளாக, ஒவ்வொன்றாக. தரையெல்லாம் பூ. ஒன்றில்கூடப் பிஞ்சு இல்லை. கதவு பூட்டு, யார் கையும் படவில்லை, தண்ணீர் அளந்து ஊற்றுகிறேன். ஏன்?

ஹாலில் நோஞ்சான் செடிகளில் பிஞ்சு பிடித்திருக்கிறது. பட்டாணி அளவு. எண்ணவில்லை, நிறைய. வயிறு எரிகிறது, ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதுவும் என் செடிதானே?

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நர்ஸம்மா சீருடை வாங்க வந்தார். செடியைப் பார்க்கச் சொன்னேன். படுக்கையறைக்குள் வந்து உதிர்ந்த பூவைப் பார்த்தார், ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார்.

"இங்க காத்தே இல்லையே. வண்டு, பூச்சி எதுவும் வராது. பூவுக்குள்ள தூள் இருக்குல்ல, அது உதிர்ந்து அந்தப் பூவிலேயே படணும். வெளியில காத்து அசைச்சு விட்டுடும். வீட்டுக்குள்ளன்னா நாமதான் ஆட்டி விடணும். ஆட்டாம பூட்டி வெச்சா எப்படிக் காய்க்கும்?"

"ஹால்லயும் ஜன்னல் சாத்தித்தான் கிடக்கு. அங்க காய்ச்சிருக்கே?" என்று கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

பிஞ்சுகளைப் பார்த்து அவர் சிரித்தார். "அப்ப இங்க யாரோ தினம் நல்லா ஆட்டுறாங்க" என்றார். சீருடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நானும் வார்டனும் மட்டும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்த்திருக்கிறதே, எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

"நூல நீ எடுத்துடும்மா. நடந்து காட்டுறேன்" என்றார்.

அவிழ்த்தேன். ஸ்டாண்டைப் பிடித்து எழுந்தார். கொஞ்ச நேரம் நின்றார். கையை விட்டார். சாமான் அறை வாசல் வரை, என் மெஷின் இருக்கும் இடம் வரை நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. "இவ்வளவுதான் இப்போதைக்கு" என்றார்.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "அப்ப இத்தனை நாளா நான் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சே அண்ணி. அது என்ன நியாயம்?" என்று கேட்டே விட்டேன்.

கையை விட்டு நிற்கவே போன வாரம்தான் வந்ததாம். ஸ்டாண்டைப் பிடித்தால்தான் கால் நிற்குமாம். தம்பி பக்கத்தில் வந்து, விழுந்துவிடுவாளோ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால், அந்த முகத்தைப் பார்த்தே கால் ஆடிவிடுகிறதாம். அதனால்தான் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழகினாராம். முழுசாக நடந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி விடமாட்டான் என்றார். தன் வீட்டைக் காலி செய்யவே இல்லையாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

"உன் வெளிச்சத்த நான் எத்தன நாள்தான் மறைச்சிட்டுப் படுத்திருக்கிறது" என்றார்.

நான் போன் பேசிய அன்றைக்குக் கதவு சாத்தியிருக்கவில்லை.

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நிலையைப் பிடித்தபடியே இன்னும் ஒன்று சொன்னார், என்னைப் பார்க்காமல். "ஸ்டாண்டப் பிடிச்சு நிப்பேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லல. நீ எங்கூட பேசுறதே பாத்ரூம் போற நேரத்துலதான. மிச்ச நேரமெல்லாம் அந்த மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

அவிழ்த்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவரே நூல் கதைக்கு வந்தார். விடுதிப் பின்கேட்டில் அவர் கட்டாத நூலா? எத்தனை பெண்களைப் பிடித்திருப்பார் அதை வைத்தே! முதல் நாள் தெரியாமல் அறுத்துவிட்டாராம். அதற்கப்புறம் தினமும் குனிந்து அவிழ்த்து, வேலையை முடித்து, குனிந்து அதே மாதிரி கட்டி வைப்பாராம். "பிசியோதெரபிகாரர் சொல்லிக்குடுத்ததுல ஒண்ணும் ஆகல. உன் நூல அவுத்துக் கட்டித்தான் என் இடுப்பு வளைஞ்சுது. ரெண்டு முடிச்சு போடாத, ஒண்ணே போதும்னு சொல்லலாம்னு பல நாள் நெனச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன், மூக்கெல்லாம் ஒழுகியது.

மாத்திரைச் செம்புத் தண்ணீரையும் ஒப்புக்கொண்டார். நாற்று வாடுகிறதே என்று ஊற்றினாராம், நல்லதென்று நினைத்து. ஆனால் கிளாஸ்? அதைக் கேட்டேன்.

"எந்த கிளாஸ்? சமையலறை வரைக்கும் இன்னைக்கே என்னால போக முடியாதே."

இதை மட்டும் நான் நம்பவில்லை. இவ்வளவு மறைத்தவர் அதை மறைக்கமாட்டாரா என்ன? போகட்டும். கேட்கவில்லை மேலே.

ஏப்ரல் 22

அண்ணி தினமும் நடக்கிறார். நான் கூடவே நடக்கிறேன், தொடாமல். இவரைச் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். ஹாலில் போகப் பாதிக் கதை, வர மீதி. பேங்க்காரர் இப்போது சலவைக்காரரை மாற்றிவிட்டார் என்பது வரை வந்திருக்கிறோம்.

படுக்கையறைச் செடிகளில் புதுப் பூ. விரலால் சுண்டிவிட்டேன். இருபது வருஷமாக மெஷின் ஓட்டிய கைக்கு ஒரு பூவை எவ்வளவு மெதுவாகத் தட்டுவதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 27

அடுத்த ஞாயிறு கிளம்புகிறாராம். இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் என்றேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. ஆனாலும், "நடக்க வந்ததுக்கப்புறம் படுத்திருந்தா அதுதான் நடிப்பு" என்றார். நடிப்பு! அந்த வார்த்தை அண்ணிக்கு எங்கிருந்து வந்தது? இந்த நோட்டைப் படித்திருப்பாரோ?

படித்தால் படிக்கட்டும்.

மே 3, ஞாயிறு

கிளம்பிவிட்டார். இவர்தான் கூடப் போயிருக்கிறார்.

காய்த்த செடியில் ஒன்றைக் கொண்டுபோங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "காய்க்கிறத நீ வெச்சுக்க. பூட்டி வெச்சியே, அதுல ஒண்ணு குடு. எங்க வீட்டு ஜன்னல் திறக்கும்."

வாளியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். படியிறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. நான் பின்னாடியே இறங்கினேன், கை மட்டும் நீட்டியபடி.

மே 10, ஞாயிறு

மெஷின் ஜன்னலுக்கு வந்துவிட்டது. கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றியாயிற்று. ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிகிறது. கருநீலத்தில் கருநீலம் என்ன அழகு! இதற்குத்தானே அத்தனை நாள் பொருமினேன்.

காலையில் எழுந்ததும் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுகிறேன். அண்ணி பிடித்த இடத்தில் கம்பியில் துரு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

பாத்ரூமுக்குத் தனியாகப் போய்விட்டு வருவதுகூட என்னவோ மாதிரி இருக்கிறது. சிரிப்பாகத்தான் இருக்கும் யாரிடமாவது சொன்னால்.

மே 21

முதல் பழம். மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றி மஞ்சள். அப்படியே நர்ஸம்மா தந்த மாதிரி. இவர் பாதி, நான் பாதி. உப்புகூடத் தொடவில்லை.

மே 24, ஞாயிறு

நன்றாகப் பழுத்த ஒன்றின் விதையைக் கிளாஸில் போட்டு மேடைமேல் வைத்தேன். பீரோவெல்லாம் எதற்கு இப்போது? நாறுகிறது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்.

மே 27, புதன்

காலை. சமையலறை மேடை. கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பளபளவென்று.

அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் போய் இவரை உலுக்கினேன்.

"என்ன கிளாஸ்?" என்றார், கண்ணைத் திறக்காமல். நான் நகரவில்லை. "அந்த நாத்தம் புடிச்ச கிளாஸா? தண்ணி குடிக்கப் போனேன், கெடந்துச்சு, கழுவி வெச்சேன். எப்பவும்தான் கழுவுறேன். நீ என்னைக்கு அத ஒரு வார்த்த நல்லதாச் சொல்லியிருக்க?"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்பவும்தான் கழுவுகிறாராம். ஜனவரியிலும்.

அண்ணிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார்.

"நூல என் ஸ்டாண்டுல கட்டுனியே, அவன் கட்டில்ல கட்டியிருக்கணும்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போன் போட்டேன். வாய் வரவில்லை. இருபது வருஷத்தில் யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை அது. அதற்குப் பதிலாக, வாடிக்கையாக வரும் ஒரு அக்காவும் தங்கையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் ஒரே துணியில் கவுன் தைக்கக் கொடுத்திருக்கும் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாங்க வந்து படியில் சந்தித்துக்கொண்டது வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றார்.

"மீதி திரும்பி வரும்போது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். படி ஏறிடுவேன், நீ கீழ இறங்கி வந்து நிக்காத" என்றார். அங்கே அவர் செடியில் இரண்டு காய் பிடித்திருக்கிறதாம்.

இவர் எழுந்ததும் மெஷினை ஒரு பக்கமாக நகர்த்திப் போடச் சொன்னேன். இடித்துக்கொள்கிறதா, வெளிச்சம் போதவில்லையா என்று கேட்டுக்கொண்டே நகர்த்தினார். ஜன்னலில் கால்வாசி இடம் விட்டிருக்கிறோம். ஒரு நாற்காலி போடலாம்.